பிளேனுக்குக் கட்டிய மூட்டை

நேற்று மாலை கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பொதி வந்தது. உள்ளே குதிரை லாடம் போல வளைந்த ஒரு சின்னத் தலையணை, இரண்டு சோடிக் காலுறை, ஒரு கடிதம். தலையணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். கழுத்துச் சுளுக்குக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் மாதிரி இருந்தேன்.

கடிதத்தில் மகள் வரிசையாக எழுதியிருந்தாள். இரவு முழுவதும் பயணம், சாதாரண வகுப்பு, காலை நீட்ட இடம் இருக்காது. தளர்வான உடுப்புப் போடுங்கள். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். ஒரு சால்வை கையோடு இருக்கட்டும், நடுராத்திரியில் குளிரும். கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தாள்: "அம்மா, பாஸ்போர்ட், மருந்து, மூக்குக்கண்ணாடி மூன்றும் கைப்பையில். பெரிய பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அது உங்களோடு வராது."

அந்த வரியைப் படித்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன் ஞாபகம்தான். நீ கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டுமென்று பலமுறை நினைத்து, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் விட்டிருக்கிறேன். மகள் கோடு போட்டுத் தொடங்கி வைத்துவிட்டாள்.

நாம் இருவரும் இதே பட்டியலை ஒருமுறை போட்டோம். பள்ளிக்கூடத்தோடு ஒட்டியிருந்த என் அறையில், பழைய வரவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில். விமானத்தைப் படத்தில் தவிர வேறெங்கும் பார்த்திராத இரண்டு பெண்கள். அப்போது நமக்கு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். நான் கணக்கப்பிள்ளையின் மகள், பதுளையில் படித்துவிட்டு வந்து அப்பா வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்திலேயே டீச்சர் ஆனவள். நீ தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்து படித்துவிட்டு, அம்மா செத்த வருடம் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவள். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியில் என் வாசலில் நின்று, "டீச்சரம்மா எந்திரிச்சாச்சா?" என்று கிண்டலாகக் குரல் கொடுக்காமல் நீ ஒருநாளும் போனதில்லை.

உனக்கு இருந்தது ஒரு தம்பி மட்டும். பிறக்கும்போதே வாய்க்குள் மேல் அண்ணம் பிளந்திருந்த பிள்ளை. பால் குடித்தால் மூக்கு வழியே வரும். பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட குழந்தையை உன் அம்மா ஒரு பித்தளைச் சங்கால் வளர்த்தாள். நிமிர்த்தி மடியில் வைத்து, சங்கின் மூக்கைக் கன்னத்து ஓரத்தில் கொடுத்து, நூல் மாதிரிப் பாலை இறக்குவாள். ஏழெட்டு வயதிலேயே நீயும் அதைக் கற்றுக்கொண்டாய். தம்பி வளர்ந்து ஸ்டோரில் தேயிலை அரைக்கும் வேலைக்கும் போய்விட்டான். ஆனால் பேச்சு மூக்கால் வந்தது, அதனால் யாரிடமும் பேசமாட்டான். தண்ணீரும் மூக்கில் ஏறும். அதனால் யார் முன்னாலும் எதையும் குடிக்கமாட்டான்.

பங்களாவில் வெள்ளைக்காரச் சின்னத்துரைக்கும் தொரசாணிக்கும் பெண் குழந்தை பிறந்து, அதற்கும் அண்ணம் பிளந்திருந்தபோது, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த உன்னைத் தேடி ஆள் வந்தது அதனால்தான். போத்தலில் கொடுத்த பாலெல்லாம் மூக்கில் வந்து குழந்தை நீலம் பாரித்துக் கிடந்ததாம். நீ கூடையை இறக்கிவைத்து, வீட்டுக்கு ஓடிச் சங்கை எடுத்துக்கொண்டு போனாய். சாயங்காலம் திரும்பி வரும்போது நீ பங்களா ஆயா.

பதினொரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு மூச்சு வாங்க வந்தாய்.

"புள்ள, அந்தப் பாப்பாவோட வாயத் தைக்கப் போறாங்களாம். சீமையில. தேதி எல்லாம் குடுத்துட்டாங்களாம். கப்பல்ல போனா மூணு வாரம், அத்தன நாளு பாப்பா தாங்காதாம். பிளேன்ல போறாங்க. தொரசாணி என்னையும் வரச் சொல்றாங்க."

நான் திகைத்துப் போனேன். "நீ என்ன சொன்ன?"

"வர்றேன்னேன். நான் போகலைன்னா அந்தப் பிள்ளைக்கு வழியில யாரு பால் குடுப்பா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாய். "அதோட இன்னொண்ணும் இருக்கு. எப்படித் தைக்கிறாங்கன்னு பாக்கணும். சின்னப் பிள்ளைக்குத் தைக்கிறவங்க பெரிய ஆளுக்குத் தைப்பாங்களா மாட்டாங்களா? கேக்கணும்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் தோட்டத்தில் யாரையும் நீ சும்மா விடவில்லை. பிளேனைப் பற்றி எவருக்கு எது தெரிந்திருந்தாலும் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தாய். பங்களாவில் சமைக்கும் அப்புவைக் கேட்டாய். மேலே போகப் போகக் குளிரும் என்றான் அவன். உலகச் சண்டைக் காலத்தில் திருகோணமலையில் பட்டாளத்து லொறி ஓட்டிய டிரைவர் ஒருவர், பிளேன் குலுக்கும், குடல் இடம் மாறிவிடாமல் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். நான் என் பங்குக்கு வகுப்பிலிருந்த படப்புத்தகத்தைக் காட்டினேன். நீ அந்தப் படத்தில் விரல் வைத்து ஜன்னல்களை எண்ணினாய்.

"இத்தன ஜன்னல் இருக்கே. எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"மேகத்துக்குள்ள போறப்ப ஜன்னல் வழியா உள்ள வருமா? நம்ம லயத்துல பனி வர்ற மாதிரி? பாப்பாவோட துணி நனைஞ்சிருமே."

"ஜன்னலைத் திறக்க முடியாதுடி."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். அது தற்செயலாகச் சரியாகிப் போனது. அப்படிச் சில சரியானதால் எனக்குத் தைரியம் கூடிவிட்டது. நான் படித்தவள். நீ கேட்பவள், நான் சொல்பவள் என்று நமக்குள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஒரு வழக்கம் ஆகியிருந்தது. "எனக்குத் தெரியாது" என்று உன்னிடம் சொல்ல என் வாய் கூசியது. உண்மையை இப்போதாவது எழுதுகிறேன்.

பட்டியல் நீண்டது. கொழுந்து எடுக்கும்போது நீ தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியை மூன்று முறை சவர்க்காரம் போட்டுத் துவைத்தாய், தேயிலைச் சாயம் முழுதாகப் போகவில்லை. தொரசாணி வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டு என் அறைக்குள் இங்குமங்கும் நடந்து பழகினாய். வாழ்நாளில் முதல் சப்பாத்து. பால்மாவுக்கு ஒரு தகர டப்பா, இரண்டு சுடுதண்ணிப் போத்தல், யூக்கலிப்டஸ் எண்ணெய், பழைய வேட்டியைக் கிழித்த துணித் துண்டுகள். வெற்றிலையைப் பற்றி வெகுநேரம் யோசித்தோம். எங்கே துப்புவது என்று தெரியாததால் அதை விட்டுவிட்டாய். எத்தனை பெரிய தியாகம் அது என்று எனக்குத்தான் தெரியும்.

பயணக் கடதாசிக்காகப் பதுளைக்குப் போனோமே, அதுவும் நினைவிருக்கிறது. நாடு சுதந்திரமான கையோடு நம் ஆட்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் போனோம். உனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. சின்னத்துரை கொழும்புக்கு எழுதியெழுதி ஒரு கடதாசி வரவழைத்திருந்தார். அரசாங்கக் கச்சேரியில் அதைக் கொடுத்த கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் உன்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது பாஸ்போட் இல்லை. போறதுக்கும் திரும்பி வாறதுக்கும் ஒரு கடதாசி. ஒரு வருசத்துக்குள்ளை வந்திட வேணும். இதைப் பெட்டிக்குள்ளை வைக்கப்படாது, விளங்கிச்சோ? உடம்போடை வைச்சிருக்க வேணும்."

"தொலைஞ்சு போனா என்னங்க ஆகும்?"

அவர் பேனாவை மூடினார். "துலைச்சுப் போட்டால் பிறகு நான் ஒண்டும் செய்யேலாது, பிள்ளை. அதுதான் சொல்லுறன்."

திரும்பும்போது கோச்சியில் ஜன்னல் பக்கம் நீதான் உட்கார்ந்தாய், எப்போதும் போல. தெமோதரையில் ஸ்டேஷனுக்கு அடியிலிருக்கும் குகைக்குள் கோச்சி புகுந்து, மலையைச் சுற்றி ஏறி அதே ஸ்டேஷனுக்கு வரும்போது எஞ்சினை எட்டிப் பார்ப்பது உனக்குச் சலிக்கவே சலிக்காது. அன்றைக்கு நீ வெளியே பார்க்கவில்லை. மடியிலிருந்த கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஐயா ஏன் பெட்டிக்குள்ள வைக்கக் கூடாதுன்னாரு? பெட்டி நம்ம கூடத்தானே இருக்கும்?"

"கடதாசி கசங்கிடும். அதுக்குத்தான்."

"பெட்டி கூடவே இருக்குமா?"

"இருக்கும். சீட்டுக்கு அடியில. கோச்சியில வைக்கிறோமே, அப்படி."

"தெரிஞ்சு சொல்றியா?"

"பின்ன?" என்றேன்.

கடதாசியை உன் உள்பாவாடையில் ஒரு பை தைத்து அதற்குள் வைத்தோம். சங்கை இடுப்பில் செருகிக்கொள்கிறேன் என்றாய் நீ. நான்தான் விடவில்லை. பித்தளை நசுங்கிவிடும், எங்காவது விழுந்துவிடும், இருப்பது ஒன்றே ஒன்று என்று சொல்லி, மெல்லிய துணியில் சுற்றி, தகரப் பெட்டியின் நட்டநடுவில், உன் சேலைகளுக்கு இடையில் என் கையாலேயே வைத்தேன். நீ கடைசியாக ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தபோது நான் சிரித்தேன்.

"வெள்ளைக்காரன் பிளேன்ல சாப்பாடு தராமயா இருப்பான்? இலையைப் பிரிச்சு வச்சுச் சாப்பிட்டா உன்னைப் பாத்துச் சிரிக்கமாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். பசிக்கும்ல" என்று அதைத் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டாய்.

நீ போன பிறகு தம்பிக்கு இரவுச் சாப்பாடு என் வீட்டில். தட்டைப் போட்டுவைத்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அவன் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, கதவை இருமுறை தட்டிவிட்டுப் போவான். அதுதான் அவனுடைய நன்றி. தொரசாணியிடமிருந்து சின்னத்துரைக்கு வரும் கடிதங்களில் உன்னைப் பற்றி ஒரு வரி இருக்கும். ஆயா சுகம். குழந்தைக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவ்வளவுதான். பிளேன் எப்படியிருந்தது என்று யாரும் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஏழு மாதம் காத்திருந்தேன்.

வரும்போது எல்லோரும் கப்பலில்தான் வந்தீர்கள். தெமோதரையில் இறங்கி, தோட்டத்து லொறியில் வந்து, குளித்த ஈரத் தலையோடு என் அறைக்கு வந்தாய். கொஞ்சம் வெளுத்திருந்தாய். வெற்றிலை போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பட்டியலைக் கொண்டுவரச் சொன்னாய். நான் பத்திரமாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, அதற்கு ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டே போனாய்.

"வயித்துக் கட்டு?"

"அந்த டிரைவர் கையில கிடைச்சா உதைப்பேன். மேல போகப் போக வயிறு பானை மாதிரி ஊதிருச்சு புள்ள. மூச்சு விட முடியல. கக்கூஸுக்குள்ள போயி அவுத்தெறிஞ்சேன்."

"சப்பாத்து?"

"கால் வீங்கிப் போச்சு, கழட்டுனா திரும்ப ஏறல. உட்காந்தே மலையேறுற மாதிரி ரெண்டு காலையும் மாத்தி மாத்தி மிதிச்சேன். அப்புறந்தான் ரத்தம் ஓடுச்சு. பக்கத்து வரிசையில ஒரு வெள்ளக்காரக் கிழவி என்னப் பாத்துட்டு அவளும் மிதிச்சா."

பிளேன் கிளம்பும்போது ஒரு பெண் தட்டில் மிட்டாய் கொண்டுவந்து நீட்டினாளாம். நீ மரியாதையாக இரண்டு எடுத்து, எனக்கும் தம்பிக்கும் என்று முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாய். கொஞ்ச நேரத்தில் காது இரண்டும் ஆணி அடித்த மாதிரி வலித்ததாம். சுற்றிலும் எல்லோரும் மிட்டாயைச் சப்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். நீ தொரசாணியின் கையைத் தொட்டு, காதையும் மிட்டாயையும் காட்டிக் கேட்டாய். விழுங்க விழுங்கக் காது திறக்கும், மிட்டாய் அதற்குத்தான் என்றாராம். நீ முடிச்சை அவிழ்த்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாய். இன்னொன்றை ஏழு மாதம் கழித்து என்னிடம் நீட்டினாய். உருகித் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. "இது காதுக்கு" என்றாய்.

நான் சிரித்துக்கொண்டே அடுத்ததைப் படித்தேன். "சங்கு."

நீ வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாய்.

"பெட்டிய அங்கேயே வாங்கிட்டாங்க புள்ள. பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே. ஒரு ஆளு தூக்கி வண்டியில போட்டான். நான் பின்னாலயே ஓடுனேன். எப்பத் தருவீங்கன்னு தொரசாணிகிட்ட கேட்டேன். லண்டன்லன்னாங்க. சங்கு அதுக்குள்ளன்னேன். அவங்க மூஞ்சி செத்துப் போச்சு."

அதன் பிறகு நீ சொன்னதை நான் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மேலே ஏறி இரண்டு மணி நேரத்தில் குழந்தை பசிக்கு அழுதது. காது வலியும் சேர்ந்திருக்கும். தொரசாணி போத்தலை எடுத்தார், பால் மூக்கில் வந்தது. பிளேன் பெண் தேக்கரண்டி கொண்டுவந்தாள். கரண்டியில் பால் மொத்தமாகச் சரிந்து உள்ளே இறங்கிக் குழந்தைக்குப் புரையேறியது. கண் மேலே செருகியது. நீ அதைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டித் தட்டி மூச்சைத் திரும்ப வரவழைத்தாய். தொரசாணி அழத் தொடங்கிவிட்டார். இறங்கும் இடம் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.

"என்ன செய்யிறதுன்னு தெரியல. பைய கவுத்துக் கொட்டுனேன். என்ன இருக்குதுன்னு பாத்தேன். ரொட்டிப் பொட்டலம் உருண்டு வந்துச்சு."

ரொட்டியை மடியில் கொட்டிவிட்டு இலையைக் கிழித்தாய். சம்பல் படாத துண்டாகப் பார்த்து, சுடுதண்ணீரை ஊற்றிக் கழுவினாய். வாட்டிய இலை என்பதால் மடிக்க மடிக்க உடையாமல் வளைந்தது. ஒரு முனையைக் குவித்துச் சங்கு மாதிரியே மூக்கு வைத்தாய். கம்பளியைச் சுருட்டிக் குழந்தையின் முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்து ஓரத்தில் இலை மூக்கைக் கொடுத்தாய். நூல் மாதிரி இறங்கியது பால். அழுகை நின்றது. பிளேன் பெண் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாளாம். தொரசாணி சுடுதண்ணிப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இலையைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாராம். விடியும்வரை நான்கு இலைச் சங்கு மடித்தாய். வழியில் எண்ணெய் போட்டுக்கொள்ளப் பிளேன் இறங்கும்போதெல்லாம் சொட்டுச் சொட்டாக ஊட்டி விழுங்க வைத்தாய், காதுக்காக.

நீ சந்தோஷமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாய். சொல்லும்போதே இடது கை குவிந்து இலை பிடித்தது. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாய்.

"ஏன் புள்ள, மூஞ்சி இப்படி ஆயிருச்சு?"

"நாந்தானடி சங்கைப் பெட்டிக்குள்ள வச்சேன்."

"ஆமா. நீதான்."

"பெட்டி கூடவே இருக்கும்னு சொன்னேனே, அது எனக்குத் தெரியாது. தெரியாமலே சொன்னேன்."

நீ பட்டியலை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாய். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்றாய். "நான் வேற யாரையாச்சும் கேட்டுக்குவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. பிறகு எழுந்து, தம்பி வந்துவிடுவான் என்று போய்விட்டாய். அடுத்த நாள் காலை நீ வழக்கம்போல வாசலில் நின்று குரல் கொடுப்பாயா என்று இருட்டிலேயே எழுந்து காத்திருந்தேன். கொடுத்தாய்.

தம்பிக்காக நீ செய்ததை ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாய். குழந்தையைப் பார்க்கப் பெரிய டாக்டர் வந்தபோது, தம்பியைப் பற்றிக் கேட்கச் சொல்லித் தொரசாணியைக் கெஞ்சியிருக்கிறாய். அவரிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று தொரசாணி தயங்கினார். மூன்றாவது முறை டாக்டர் வந்தபோது நீயே அவர் முன்னால் போய் நின்று, வாயை அகலத் திறந்து, அண்ணத்தைத் தொட்டுக் காட்டி, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி "தம்பி, தம்பி" என்றாய். டாக்டருக்கு ஒரு நிமிடம் ஆனதாம். பிறகு தொரசாணியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விசாரித்து, ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். பெரிய ஆளுக்கும் தைக்கலாம். பேச்சு முழுதாகத் திருந்தாது. தண்ணீர் மூக்கில் ஏறுவது நிற்கும். கொழும்பிலேயே செய்வார்கள் என்று ஒரு கடிதமும் கொடுத்தார். அந்தக் கடிதம் உள்பாவாடைப் பைக்குள் அந்தக் கடதாசியோடு வந்து சேர்ந்தது.

கொழும்பில் தம்பிக்கு ஆப்பரேஷன் முடிந்து நீங்கள் பதுளைக்கு வந்து இறங்கிய அன்று நானும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். மூவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தோம். ஒரு தேத்தண்ணிக்கடை முன்னால் தம்பி நின்றுவிட்டான். உள்ளே பெஞ்சு நிறைய ஆட்கள். அவன் உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தான். கடைக்காரர் பால் போடாத பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். ஆறட்டும் என்று நீ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றாய். அவன் ஒரு மிடறு குடித்தான். மூக்கைத் தொட்டுப் பார்த்தான். இன்னொரு மிடறு குடித்தான். அவனை அந்தக் கடையில் யாரும் கவனிக்கவே இல்லை. நீயும் நானும் தெருவில் நின்று, ஒரு ஆள் தேநீர் குடிப்பதை அத்தனை பேர் நடுவே அழுதுகொண்டு பார்த்தோம். உன்னுடைய சாவுச் செய்தியை என் வாசலில் நின்று எனக்குச் சொன்னதும் அவன்தான். நரைத்த தலையோடு, மூக்கால்தான் என்றாலும், தானே சொன்னான்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். அந்த வருடக் கடைசியில் ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, ராத்திரியில் பிளேனிலிருந்து கீழே பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டாள். இருட்டுத்தான் தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "எனக்குத் தெரியாது" என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. மறுநாள் சாயங்காலம் உன்னைப் பங்களாவிலிருந்து கூட்டிவந்து வகுப்பின் முன்னால் நிறுத்தினேன். நீ கரும்பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாய்.

"முக்காவாசி நேரம் ஒண்ணும் தெரியாது பிள்ளைகளா. கரும்போர்டு மாதிரி இருக்கும். பாப்பா தூங்குனதுக்கப்புறம் நான் ஜன்னல்ல மூஞ்சிய வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். நடுச் சாமத்துல கீழ ஒரு நெருப்பு தெரிஞ்சுச்சு. ஒண்ணில்ல, ஏழெட்டு. சுத்தி ஒரு வீடு இல்ல, ரோட்டு விளக்கு இல்ல. அது மட்டும் எரியுது. ஆடுது. பெரிய நெருப்பு, இல்லாட்டி அவ்வளவு ஒசரத்துக்குத் தெரியுமா?"

"காடு எரிஞ்சிருக்கும்" என்றான் ஒரு பையன்.

"காடு எரிஞ்சா பரவும்ல? அது நின்ன எடத்துலயே நின்னு எரிஞ்சுச்சு."

"யாரு ஏத்துனது அது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். "தெரியல கண்ணு" என்றாய். "எல்லாரும் தூங்கிட்டாங்க. கேக்கறதுக்கு ஆளில்ல. காலையில கேக்கலாம்னு இருந்து மறந்துட்டேன்."

அந்த மறதிக்காக நீ உன்னை மன்னிக்கவே இல்லை. எத்தனையோ வருடம் கழித்தும், அடுப்பில் விறகு ஆடி எரியும்போது, "அது என்ன நெருப்பா இருக்கும் புள்ள?" என்பாய். தெரியாது என்பேன். அப்படிச் சொல்ல எனக்கு அப்போது கூச்சம் இருந்ததில்லை. ஓய்வு பெறும்வரை வகுப்பில் எத்தனையோ முறை அந்த வார்த்தையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, தெரிந்தவரைத் தேடிப் பிள்ளைகளோடு போனேன். கேட்பவளும் நானாகிவிட்டேன்.

இன்று காலை டிக்கட் எழுதும் பையனிடம் பதுளைக் கடைவீதிக்குப் போயிருந்தேன். என் வயதைப் பார்த்துவிட்டு அவனாகவே நடைபாதை ஓரத்து இருக்கை போட்டிருந்தான்.

"அதுதாம்மா உங்களுக்கு வசதி. ராத்திரி எந்திரிச்சுப் போகவர லேசு. ஜன்னல் பக்கம்னா ரெண்டு பேரைத் தாண்டணும். வெளியே பாக்கவும் ஒண்ணுமில்ல, இருட்டுத்தான்."

"எந்த வழியாப் போகும் தம்பி?"

வளைகுடா வழியாகப் போகும் என்றான். உன் பிளேனும் அந்தப் பக்கமாகத்தான் போனது. ராத்திரியிலா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

"அப்படின்னா எனக்கு ஜன்னல் போடுங்க" என்றேன். "தூங்காம இருக்கற ஒரு பிளேன்காரப் பிள்ளைகிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."